லாங் பீச்சின் நடுவே ஒரு மண்வீடு: ராஞ்சோ லோஸ் செரிட்டோஸ் தப்பியது எப்படி?

கலிபோர்னியாவின் தென்கரையில் உள்ள துறைமுக நகரம் லாங் பீச். ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் வாழும் ஊர். அதன் வடபகுதியில், ஒரு கோல்ஃப் மைதானத்துக்கும் வசதியானவர்கள் குடியிருக்கும் தெருக்களுக்கும் இடையே, சூளையைப் பார்க்காத மண்கல்லால் எழுப்பிய மாடி வீடு ஒன்று நிற்கிறது. அதன் பெயர் ராஞ்சோ லோஸ் செரிட்டோஸ். கட்டிய ஆண்டு 1844. அப்போது கலிபோர்னியா மெக்சிகோவின் பகுதி. அமெரிக்க மாநிலமாக அது சேர்ந்தது 1850-ல். லாங் பீச் நிலையான நகராட்சியாகப் பதிவானது 1897-ல். ஆக, வீடு மாநிலத்தைவிட 6 ஆண்டுகளும் நகரத்தைவிட 53 ஆண்டுகளும் மூத்தது.

இப்படி ஒரு மண்வீடு நகரத்துக்குள் பிழைத்திருக்கும் செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் எழும். மழையில் கரையும் மண் 180 ஆண்டுகள் எப்படி நின்றது? சுற்றியிருந்த 27,000 ஏக்கரும் மனைகளாகப் போனபோது இந்த வீடு மட்டும் ஏன் போகவில்லை? இன்று சுற்றுலாப் பயணி படம் எடுக்கும் தோற்றத்தில்தான் அன்றும் இருந்ததா? மூன்றாவது கேள்விக்கு விடை 'இல்லை' என்பதே. அந்த 'இல்லை'யைப் புரிந்துகொண்டால் முதல் இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் மூன்று சொற்கள்

அடோபி: செங்கல் சூளையில் அடுக்குவதற்கு முன் களத்தில் காயும் கல்லைப் பச்சைக்கல் என்பார்கள். அதைச் சுடாமலே சுவராக எழுப்பினால் அதுதான் அடோபி. ஸ்பானிய மொழிக்கு இந்தச் சொல் அரபியிலிருந்து வந்தது. அரபிக்குப் பழைய எகிப்திய மொழியிலிருந்து வந்தது. நைல் கரையில் பிறந்த சொல் ஸ்பெயின், மெக்சிகோ வழியாகப் பசிபிக் கரையை அடைந்திருக்கிறது. கலிபோர்னியாவில் அச்சில் வார்த்த மண்கல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களும் ஸ்பானியர்களே.

ராஞ்சோ: வயலும் வரப்பும் உள்ள பண்ணை என்று நினைத்தால் படம் தவறிவிடும். ராஞ்சோ என்பது வேலியில்லாத மேய்ச்சல் நிலம். மாடுகள் ஆயிரக்கணக்கில் திரியும். இறைச்சிக்கு அங்கே விலை கிடையாது. வாங்க ஆள் இல்லை. தோலுக்கும் கொழுப்புக்கும்தான் விலை. பாஸ்டனிலிருந்து வரும் கப்பல்கள் தோலை வாங்கிக்கொண்டு துணி, பாத்திரம், மேசை நாற்காலிகளைக் கொடுத்துவிட்டுப் போகும். தோல் அமெரிக்காவின் கீழ்க்கரையில், அதாவது கிழக்குக் கடற்கரையில், உள்ள செருப்புப் பட்டறைகளுக்குப் போகும்; கொழுப்பு மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் போகும். கையில் காசு புழங்காத நாட்டில் மாட்டுத்தோலே பணமாக நடந்தது. 'கலிபோர்னியா நோட்டு' என்றே அதைக் கேலியாக அழைத்தார்கள்.

மான்டெரே பாணி: கீழ்க்கரை அமெரிக்கர்களின் மாடிவீட்டு அமைப்பையும் மெக்சிகோ மண்சுவரையும் கலந்த கட்டட முறை. மான்டெரே ஊரில் 1830-களில் ஒரு அமெரிக்க வணிகர் கட்டிய வீட்டோடு பரவியதால் இந்தப் பெயர். மாடியை ஒட்டி ஓடும் நீண்ட மரத் தாழ்வாரம் இதன் அடையாளம். அந்தத் தாழ்வாரம் வெறும் அழகுக்கு இல்லை. காரணம் பின்னால் வருகிறது.

மூன்று லட்சம் ஏக்கர் ஐந்து ஏக்கரானது

நிலத்தின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டின் கதை விளங்காது. ஒவ்வொரு படியிலும் ஆட்சி அல்லது சந்தை மாறியது; அதோடு நிலமும் கை மாறியது.

1. 1784-ல் ஸ்பானிய ஆளுநர் பெத்ரோ ஃபாகெஸ், மனுவேல் நியெட்டோ என்ற படைவீரருக்கு ஏறத்தாழ 3,00,000 ஏக்கரில் மாடு மேய்க்க உரிமை கொடுத்தார். அரசுக்குச் செலவில்லாத ஓய்வூதியம் என்று சொல்லலாம். பக்கத்தில் இருந்த சான் கேப்ரியல் மிஷன் (பூர்வகுடிகளை மதம் மாற்றக் கத்தோலிக்கப் பாதிரிகள் நடத்திய குடியிருப்பு), தன் நிலத்துக்குள் நியெட்டோ நுழைவதாக முறையிட்டது. 1790-ல் பரப்பு 1,67,000 ஏக்கராகக் குறைந்தது. குறைந்த பிறகும் அது சென்னை நகரத்தைவிடப் பெரியது.

2. 1834-ல், மெக்சிகோ ஆட்சியில், அந்த நிலம் வாரிசுகளுக்குப் பிரிக்கப்பட்டது. மகள் மனுவேலாவுக்கு விழுந்த பங்கு, சுமார் 27,000 ஏக்கர், லோஸ் செரிட்டோஸ். 'சிறு குன்றுகள்' என்று பொருள்.

3. 1843-ல் மனுவேலாவின் பிள்ளைகளிடமிருந்து அதை ஜான் டெம்பிள் வாங்கினார். மாசசூசெட்ஸ்காரர். 1827-ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து, ஊரின் முதல் பலசரக்குக் கடையைத் திறந்தவர். கத்தோலிக்கராகி, மெக்சிகோ குடியுரிமை பெற்று, ரஃபேலா கோட்டாவை மணந்து 'தோன் ஹுவான்' ஆனவர். அடுத்த ஆண்டே வீட்டைக் கட்டினார். உச்சக் காலத்தில் அவரிடம் 15,000 மாடுகள் இருந்தன.

4. 1848-ல் அமெரிக்க-மெக்சிகோ போர் முடிந்து கலிபோர்னியா அமெரிக்காவுக்குப் போனது. பழைய நில உரிமைகளை மதிப்போம் என்று உடன்படிக்கை சொன்னது. ஆனால் 1851-ல் வந்த சட்டம், நிலம் உன்னுடையது என்பதை நீயே நிரூபி என்று உரிமையாளர் தலையில் சுமையைப் போட்டது. 813 கோரிக்கைகள் நில ஆணையத்தின் முன் வந்தன. எல்லையென்றால் 'அந்த ஓக் மரத்திலிருந்து இந்த ஓடைவரை' என்று கையால் வரைந்த படம்தான் பலரிடம் இருந்தது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. வக்கீலுக்குக் கொடுக்க நிலத்தை அடகுவைத்தார்கள். வட்டி நிலத்தைத் தின்றது. டெம்பிள் கையில் காசும் ஆங்கிலமும் இருந்தன, அவர் தாங்கினார். பல மெக்சிகோ குடும்பங்கள் தாங்கவில்லை.

5. 1861-62 குளிர்காலத்தில் பெருவெள்ளம். அதை அடுத்து இரண்டு ஆண்டுகள் கொடிய வறட்சி. தென் கலிபோர்னியாவின் மாட்டுத் தொழில் முறிந்தது. 1866-ல் டெம்பிள் 27,000 ஏக்கரையும் வீட்டையும் 20,000 டாலருக்கு ஃபிளின்ட், பிக்ஸ்பி நிறுவனத்துக்கு விற்றார். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு முக்கால் டாலருக்கும் கீழே. அதே ஆண்டு இறந்தும்போனார்.

6. பிக்ஸ்பிகள் ஆடு வளர்த்தார்கள். ஜோத்தம் பிக்ஸ்பி வீட்டில் குடியேறி 1881 வரை நிலத்தை நடத்தினார். 30,000 செம்மறி ஆடுகள். ஆண்டுக்கு 2,00,000 பவுண்டு கம்பளி. 1880-களில் கம்பளியைவிட மனை லாபம் தந்தது. துண்டுதுண்டாக விற்றார்கள். லாங் பீச்சின் பெரும் பகுதி, பெல்ஃப்ளவர், பாரமவுன்ட், லேக்வுட், சிக்னல் ஹில்லின் ஒரு பகுதி எல்லாம் இந்த ஒரே ராஞ்சோவிலிருந்து கிளைத்தவை.

மிஞ்சியது வீடும், அதைச் சுற்றிச் சுமார் ஐந்து ஏக்கரும்.

கல் வார்த்த கைகள்

கையேடுகளில் 'டெம்பிள் கட்டினார்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். டெம்பிள் கட்டுவித்தார் என்பதுதான் சரி. இந்தக் கரையின் பூர்வகுடிகள் டோங்வா மக்கள். மிஷன் பாதிரிகள் இவர்களைக் கேப்ரியலீனோ என்று பெயர் மாற்றி வேலை வாங்கினார்கள். 1830-களில் மிஷன்கள் கலைக்கப்பட்டபோது, அவற்றின் நிலம் மிஷன் குடிகளுக்கே சேரும் என்று சொல்லப்பட்டது. பெரும்பாலும் சேரவில்லை. நிலமற்றுப்போனவர்கள் ராஞ்சோக்களில் சோற்றுக்கும் துணிக்கும் உழைத்தார்கள். கல் வார்ப்பது, தோல் உரிப்பது, கொழுப்பு காய்ச்சுவது எல்லாம் இவர்கள் கையால் நடந்தவை. அமெரிக்க ஆட்சி வந்தபின் நிலைமை மோசமானது. 1850-ஆம் ஆண்டுச் சட்டம், 'வேலையின்றித் திரிகிறார்' என்ற குற்றச்சாட்டில் பூர்வகுடி ஒருவரைப் பிடித்து, அவர் உழைப்பை ஏலம் விட வழிசெய்தது. லாஸ் ஏஞ்சலஸில் அந்த ஏலம் நடக்கவும் செய்தது.

மண்ணுக்கு ஆள் பலம்தான் மூலதனம். ஒரு குழியில் களிமண்ணையும் மணலையும் கொட்டி நீர் விட்டு, வைக்கோல் சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். அடிப்பாகமில்லாத மர அச்சில் அமுக்கி, அச்சை உடனே உருவிவிடுவார்கள். கல் வெயிலில் கிடக்கும். சில நாள் கழித்துப் பக்கவாட்டில் நிமிர்த்திவைப்பார்கள். பல வாரம் காயும். ஒரு கல் 25 கிலோ எடையை ஒட்டி இருக்கும். ஒட்டுவதற்கு வேறு சாந்து இல்லை, அதே மண்தான். வைக்கோல் எதற்கு என்று பலர் கேட்பார்கள். பலத்துக்கு என்பது பொதுவான எண்ணம். அதைவிட முக்கியம், காயும்போது கல் சீராகச் சுருங்கி வெடிக்காமல் இருக்க அது உதவுகிறது.

டெம்பிளின் வீடு 'ப' வடிவம். நடுவில் மாடிப்பகுதி, குடும்பம் வாழ. இருபுறமும் நீளும் ஒரே தளக் கட்டுகளில் கொல்லன் பட்டறை, சாமான் அறைகள், வேலையாட்களின் அறைகள். நாலாவது பக்கத்தை ஒரு மண்மதில் மூடியது. உள்ளே முற்றம். மரவேலைக்கு வட கலிபோர்னியாவின் ரெட்வுட் மரம் கப்பலில் வந்தது. அஸ்திவாரத்துக்கு மட்டும் சுட்ட செங்கல் வைத்தார். அந்த ஒரு முடிவு வீட்டின் ஆயுளைப் பெரிதும் கூட்டியது.

மண்சுவர் ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது

மண்சுவருக்கு மேலிருந்து வரும் சுமை பொருட்டில்லை. இரண்டு, மூன்றடி கனத்தில் எழுப்பிய சுவர் மாடியையும் கூரையையும் சாதாரணமாகத் தாங்கும். வெயிலையும் தாங்கும்: பகலில் வெளிப்பக்கம் ஏறும் சூடு உள்பக்கம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும், அதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். அந்த வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தால் கனம் கண்ணுக்குத் தெரியும். உள்விளிம்பு ஒரு ஆள் ஏறி உட்காரும் திண்ணைபோல் ஆழமாக இருக்கும்.

அதற்கு எதிரி தண்ணீர். அது வரும் வழிகள் மூன்று.

1. மேலிருந்து. கூரை ஒழுகினால் சுவரின் தலையில் நீர் இறங்கும். சுடாத கல் மறுபடி சேறாகும். கூரை போன மண்வீட்டுக்குச் சில மழைக்காலங்களே மிச்சம். டெம்பிள் போட்டது தட்டையான கூரை. அந்தப் பகுதியில் தரையிலிருந்து தானாக ஊறும் தாரை எடுத்து அதன்மேல் பூசினார்கள். வெயிலில் தார் இளகும், குளிரில் வெடிக்கும். ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டிய கூரை. பிக்ஸ்பிகள் காலத்தில் அதன்மேல் சரிவான மரச்சில்லுக் கூரை வந்தது.

2. பக்கத்திலிருந்து. சாரல் சுவரைச் சுரண்டும். மான்டெரே பாணியின் தாழ்வாரம் இங்கேதான் வேலை செய்கிறது. சுவருக்கு அது ஒரு குடை. எங்கள் ஊர்ப்பக்க வீடுகளின் தாழ்ந்த இறவாரத்துக்கு என்ன வேலையோ அதே வேலை.

3. கீழிருந்து. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் சுவர் மண் ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். ஈரத்தோடு உப்பும் ஏறும். நீர் ஆவியானபின் உப்பு தங்கிப் படிகமாகும். படிகம் விரியும்போது மண்ணை உள்ளிருந்தே உதிர்க்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுவர் குடைந்ததுபோல் உள்வாங்கியிருந்தால் இதுதான் காரணம். செங்கல் அஸ்திவாரம் இதை முழுக்கத் தடுக்காவிட்டாலும் மண்கல்லைத் தரை ஈரத்திலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்துகிறது.

இந்த மூன்றாவது வழிதான் நகரத்துக்குள் நிற்கும் மண்வீடுகளுக்குப் பெரிய தொல்லை. மேய்ச்சல் நிலத்தில் சுவரோரம் கோடையெல்லாம் காய்ந்து கிடந்தது. நகரத்தில் புல்தரைக்கும் பூச்செடிக்கும் தினமும் தண்ணீர் பாய்கிறது. நடைபாதை போடும்போது தரைமட்டம் உயர்கிறது. புதைத்த குழாய் யாருக்கும் தெரியாமல் கசிகிறது. வறண்ட நாட்டுக்காகக் கட்டிய வீட்டைச் சுற்றி ஈரநாட்டுத் தோட்டம் வைத்த கதை.

பழையவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் சுவருக்கு மண்ணோ சுண்ணாம்போ பூசினார்கள். மழை அந்தப் பூச்சைத் தின்னும்; அடுத்த ஆண்டு மறுபடி பூசுவார்கள். பூச்சு அழியவேண்டியது, சுவர் நிற்கவேண்டியது என்ற கணக்கு. உள்ளே போன ஈரமும் அந்தப் பூச்சு வழியாக வெளியே மூச்சுவிடும்.

1930: காப்பாற்றிய கையே மாற்றியது

1881-ல் ஜோத்தம் பிக்ஸ்பி குடும்பம் வெளியேறியது. வீடு வாடகைக்குப் போனது. வாடகைக்காரர்கள் கூரை மாற்றமாட்டார்கள். சொந்தக்காரர் கண்ணெதிரே இல்லை. 1920-களில் சுவர்கள் உதிர்ந்து, வீடு பாழடைந்த நிலைக்கு வந்துவிட்டது. அதே காலத்தில், 1921-ல், பக்கத்துச் சிக்னல் ஹில்லில் எண்ணெய் பீறிட்டது. ஊரே எண்ணெய்க் கோபுரக் காடானது.

அப்படியும் வீட்டை ஏன் இடிக்கவில்லை? பாசம் என்று எழுதுவது எளிது. எனக்கு முதலில் தெரிவது இடம். லாங் பீச் கடற்கரையோரம் பிறந்து மெல்ல உள்நாட்டுக்கு வளர்ந்த ஊர். இந்த வீடு கரையிலிருந்து சில மைல் உள்ளே, ஆற்றோரத்து மேட்டில் இருந்தது. மனை விலை அங்கே வந்துசேரத் தாமதமானது. டெம்பிளின் இன்னொரு கட்டடத்தை எதிர்ப்பக்கம் வைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸின் மையத்தில் அவர் தொடங்கிய 'டெம்பிள் பிளாக்' வணிகக் கட்டடங்கள் இருந்த இடத்தில் 1928-ல் திறந்த நகர மன்றக் கோபுரம் நிற்கிறது. ஒரே உரிமையாளர் எழுப்பியவை இரண்டும். மைய வணிகத் தெருவில் இருந்தது போயிற்று. மாட்டுக்காட்டில் இருந்தது நின்றது.

இடம் கால அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் தீர்வதற்குள் ஜோத்தமின் அண்ணன் மகன் லுவெலின் பிக்ஸ்பி வந்தார். உறவினர்களிடமிருந்து வீட்டைத் தன் பெயருக்கு வாங்கி, 1930-ல் குடியிருக்கும்படி மாற்றினார். புதிதாக வந்தவை: சிமென்ட் பூச்சு, சிவப்பு ஓட்டுக் கூரை, மின்சாரம், குழாய்கள், கணப்பு அடுப்புகள், வெயில் காயும் ஒரு தாழ்வார அறை. தோட்டத்தை ரால்ஃப் கார்னெல் என்ற நிலக்காட்சி வடிவமைப்பாளர் புதுப்பித்தார். முற்றத்துக்கு வெளியே வேர்களைச் சுவர்போல் எழுப்பி நிற்கும் ஆஸ்திரேலிய அத்திமரம் அதற்கும் மூத்தது, பிக்ஸ்பிகளின் காலத்தது.

இங்கேதான் பார்வையாளர்கள் ஏமாறுகிறார்கள். சிவப்பு ஓட்டைப் பார்த்ததும் 'அசல் ஸ்பானியக் காலம்' என்று சொல்லிவிடுகிறார்கள். 1844-ல் கூரையில் இருந்தது தார். ஓடு 1930-ன் ரசனை. 1915-ல் சான் டியேகோவில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப்பின் தென் கலிபோர்னியா முழுக்க ஒரு ஸ்பானிய மோகம் பரவியது. வங்கி, ரயில் நிலையம், தியேட்டர் எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடும் வைத்தார்கள். உண்மையில் அந்தக் காலத்திலிருந்து வந்த வீட்டுக்கும் அதே வேஷத்தைக் கட்டினார்கள். மெக்சிகோ காலத்தின் சொந்த முகத்தைவிட, அதைப் பற்றி அமெரிக்கர்கள் வைத்திருந்த கற்பனை முகம் அழகாக இருந்திருக்கிறது.

சிமென்ட் பூச்சின் கதை இதைவிடச் சிக்கல். அன்று அது புதிய, உறுதியான, ஆண்டுதோறும் பூசத் தேவையில்லாத பொருள். நல்லெண்ணத்தில் பல மண்கட்டடங்களுக்கு அதையே பூசினார்கள். ஆனால் சிமென்ட் விறைப்பானது. மண் ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் ஏற்ப விரியும், சுருங்கும். இரண்டும் ஒன்றாக அசையாததால் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும். வெடிப்பு வழியே நீர் உள்ளே போகும், வெளியேற வழியில்லை. வெளியே பார்த்தால் சுவர் கெட்டியாக, வெள்ளையாக இருக்கும். உள்ளே அடிப்பாகம் நனைந்து கொழகொழத்திருக்கும். இப்படி, பூச்சு நிற்க, அதன் பின்னால் சுவர் சரிந்த மண்கட்டடங்கள் அமெரிக்கத் தென்மேற்கில் பல.

அப்படியானால் உரித்துவிடலாமே? எளிதில்லை. சிமென்ட் தன்னோடு மண்ணின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். பல இடங்களில் அந்தப் பூச்சே உதிர்ந்த சுவரைப் பிடித்துவைத்திருக்கும். எனவே மண்கட்டடப் பாதுகாப்பில் முதல் வேலை பூச்சைத் தொடுவது இல்லை. சுவரோரத் தண்ணீரை விலக்குவது, வடிகாலைச் சரிசெய்வது, ஈரத்தை அளந்துகொண்டே இருப்பது. பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும் வேலை. இதற்குப் பணம் கேட்டால் கிடைப்பதும் கடினம்.

நிலம் நடுங்கும்போது

லாங் பீச்சுக்கு நிலநடுக்கம் புதிதில்லை. 1933 மார்ச் 10 மாலை, 6.4 அளவில் வந்த நடுக்கத்தில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். இரும்புக் கம்பி இல்லாத செங்கல் பள்ளிக்கூடங்கள் சரிந்தன. வகுப்பு முடிந்த நேரம் என்பதால் பெரும்பாலான பிள்ளைகள் தப்பினார்கள். ஒரு மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கான தனிச் சட்டம் மாநிலத்தில் வந்துவிட்டது. மண்வீடு நின்றது.

இதிலிருந்து மண் செங்கல்லைவிட வலுவானது என்ற முடிவுக்குத் தாவக்கூடாது. மண்ணுக்கு இழுவிசை தாங்கும் திறன் மிகக் குறைவு. ஆட்டத்தில் வெடிக்கத்தான் செய்யும். வெடித்தபின் விழுமா, வெடித்தபடி நிற்குமா என்பதே கேள்வி. அதை முடிவுசெய்வது உயரத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதம். 10 அடி உயரச் சுவர் இரண்டரை அடி கனம் என்றால் விகிதம் 4. அதே உயரத்துக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் 13-ஐத் தாண்டும். முன்னது கனத்த பெட்டிபோல் அடியில் ஆடி, பழைய இடத்தில் உட்காரும். பின்னது நட்டுவைத்த பலகைபோல் சாயும்.

லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி பாதுகாப்பு நிறுவனம் 1990-ல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் இந்தக் கருத்தைத்தான் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலும், பின்னர் மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகரிலும், சிறிதாக்கிய மண்வீடுகளை ஆட்டுமேசைமீது வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே 1994 ஜனவரியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. உண்மையான மண்வீடுகளின் சேதம் கண்முன் கிடைத்தது. கிடைத்த பாடம்: சுவருக்குள் கான்கிரீட்டைத் திணித்து அதை வேறொரு பொருளாக மாற்றவேண்டியதில்லை. கனமான சுவர் ஏற்கெனவே நிலையானது. மாடித்தளத்தோடும் கூரையோடும் அதைக் கட்டிவைத்து, பட்டைகளாலும் மெல்லிய கம்பிகளாலும் வெடித்த துண்டுகள் விலகாமல் பிடித்தால் போதும். எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடக்கூடிய முறை என்பதால் பழைமை பேணுபவர்களுக்கும் இது ஒப்புதல். ஒரு நிபந்தனை உண்டு. சுவரின் அடி ஈரமாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. நனைந்த மண்ணுக்கு வலுவே இல்லை.

பட்டயம் எதைத் தடுக்கும்?

1955-ல் பிக்ஸ்பி குடும்பம் வீட்டை லாங் பீச் நகராட்சிக்கு விற்றது; அது அருங்காட்சியகமாகத் திறந்தது. காலத்தைக் கவனியுங்கள்: 1950 முதல் மூன்றே ஆண்டுகளில், பழைய ராஞ்சோ நிலம் சேர்ந்த லேக்வுட்டில் 17,500 வீடுகள் எழும்பியிருந்தன. இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தால் ஐந்து ஏக்கருக்கு என்ன விலை சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். 1970-ல் வீட்டுக்குத் 'தேசிய வரலாற்று அடையாளச் சின்னம்' என்ற தகுதி கிடைத்தது. இந்தத் தகுதியைப் பற்றித்தான் வாசகர்களிடையே குழப்பம் அதிகம்.

1. தேசியத் தகுதி தனியாரின் கையைக் கட்டாது. அமெரிக்காவில் தனியார் ஒருவர் தன் பணத்தில், மத்திய அரசின் அனுமதியோ நிதியோ தேவைப்படாமல் அப்படியொரு வீட்டை இடித்தால், பட்டயம் குறுக்கே நிற்காது. மத்திய அரசின் திட்டம் ஒன்று அந்த இடத்தைப் பாதிக்குமானால் ஆய்வும் கலந்தாலோசனையும் கட்டாயம். அவ்வளவே.

2. மாநிலச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. 1970-ன் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி, வரலாற்றுக் கட்டடத்துக்குக் கேடும் சுற்றுச்சூழல் கேடே, மாற்றுவழியைப் பார்த்தாகவேண்டும். இது தாமதப்படுத்தும், எல்லா நேரத்திலும் தடுத்துவிடாது.

3. உண்மையான அதிகாரம் உள்ளூராட்சியிடம். இடிப்பு அனுமதியைத் தருவதும் மறுப்பதும் அதுதான்.

4. தனியார் வைத்திருக்கும் பழைய வீடுகளுக்கு 1972-ன் மில்ஸ் சட்டம் சொத்து வரியைக் குறைக்கிறது. பதிலுக்கு, குறைந்தது பத்தாண்டுக்கு வீட்டைப் பேணுவதாக உள்ளூராட்சியோடு ஒப்பந்தம் போடவேண்டும். என் பார்வையில் பட்டயத்தைவிட அதிக வீடுகளைக் காத்தது இந்த வரிச்சலுகைதான். மண்ணுக்குப் பெருமை பூசிப் பயனில்லை, சுண்ணாம்பு பூச ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும்.

லோஸ் செரிட்டோஸைப் பொறுத்தவரை உரிமை நகராட்சியிடமே இருப்பது பெரிய பலம். அதுவே பலவீனமும்: நகராட்சியின் வரவுசெலவில் நூலகம், பூங்கா, சாலை எல்லாவற்றோடும் இந்த வீடும் வரிசையில் நிற்கவேண்டும். அறக்கட்டளை ஒன்று நடத்தும் பொறுப்பில் பங்கேற்று நன்கொடை திரட்டுவது அதனால்தான். இதே ஊரில் இன்னொரு ராஞ்சோ வீடும் உண்டு, லோஸ் அலமிட்டோஸ். அதை பிக்ஸ்பி குடும்பத்தின் இன்னொரு கிளை 1968-ல் நகராட்சிக்குத் தானமாகவே கொடுத்தது. லாஸ் ஏஞ்சலஸின் 1818-ஆம் ஆண்டு ஆவிலா அடோபி வேறு வழியில் தப்பியது. 1920-களின் இறுதியில் அது வாழத் தகுதியற்றது என்று முத்திரை குத்தப்பட்டுக் கிடந்தபோது, கிறிஸ்டீன் ஸ்டெர்லிங் என்ற பெண்மணி பத்திரிகைகளையும் செல்வந்தர்களையும் திரட்டிப் போராடினார். 1930-ல் அதைச் சுற்றி ஒரு மெக்சிகோ கடைவீதி திறந்தது. தானம், விற்பனை, கடைவீதி: மூன்று வீடுகள், மூன்று வழிகள்.

எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பணமும் மனமும் இருந்தால் வீட்டை 1844-க்குத் திருப்பலாமா? ஓட்டை இறக்கித் தட்டைக் கூரை போட்டுத் தார் பூசலாம். அப்படிச் செய்தால், தொண்ணூறு ஆண்டுகளாகச் சுவரை நனையாமல் காத்த கூரை போய், ஒழுகுவதற்குப் பேர்போன கூரை வரும். மின்சாரத்தை எடுத்துவிட்டால் அருங்காட்சியகத்தின் ஆவணங்களும் நூலகமும் இருட்டில் கிடக்கும். ஜோத்தம் பிக்ஸ்பியின் பிள்ளைகள் வளர்ந்த காலமும், லுவெலின் கைவைத்த காலமும் அழிந்துபோகும். அவையும் இன்று வரலாறாகிவிட்டன. அமெரிக்கப் பாதுகாப்பு நெறிமுறையும் காலப்போக்கில் தனக்கென மதிப்புப் பெற்ற மாற்றங்களை அப்படியே பேணச் சொல்கிறது.

ஆகவே தார்க்கூரை திரும்பப்போவதில்லை. சிவப்பு ஓடு இருக்கும். அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று வழிகாட்டி ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். சுவரோரத்துப் பூச்செடிகளுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதைத் தோட்டக்காரர் பார்த்துக்கொள்ளவேண்டியிருக்கும்.